பதின்மூன்று விநாடிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எனக்கு 74 வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சந்தைக்குப் போகவே பயம். சாலையைக் கடக்கும்போது பாதி தூரம் நடப்பதற்குள் பாதசாரி சிக்னலில் பச்சை மனிதன் மின்ன ஆரம்பித்துவிடும். அப்புறம்தான் சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியைக் கவனித்தேன். பேருந்து, ரயில் கட்டணத்துக்குப் பயன்படுத்தும் மூத்தோர் சலுகை அட்டையை அதில் வைத்தால், சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் 2009இலேயே தொடங்கிய திட்டம்!

எதிர்கால நகரம் என்றால் எல்லாரும் ஓட்டுநரில்லா வாகனத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்த விநாடிகள்தான் பெரிது.

எங்கள் புளோக்கில் ஒரு தோழி, அட்டையை வைத்தால் காசு பிடிப்பார்கள் என்று இத்தனை நாள் தொடவே இல்லை. காசு பிடிக்காது என்பதை வட்டாரக் கூட்டங்களில் தமிழிலும் சொல்லுங்களேன்.

தோ பாயோ வாசகி