உடைந்த நீராவிக் குழாயைத் தானாக அடைக்கும் வால்வு: வன்னி நெல் ஆலைகளின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக நெல் வரத் தொடங்கிவிட்டால் வவுனியாவிலிருந்து பரந்தன் வரையும், முருங்கன், முள்ளியவளைப் பக்கங்களிலும் நெல் அவிக்கும் ஆலைகளுக்கு ஓய்வு கிடையாது. விடியுமுன் அவித்து இறக்கினால்தான் அன்றைய வெயில் முழுவதும் களத்தில் காய்வதற்குக் கிடைக்கும் என்பதால், கொதிகலனுக்கு உமி தள்ளுபவர்கள் இருட்டோடு எழும்பி, பெரும்பாலும் தனியாகவோ ஒரு உதவியாளோடோ வேலை செய்கிறார்கள். அவர்களின் தலைக்கு மேலாக ஓடும் நீராவிக் குழாய் உடைந்தால் அதை அடைப்பது யார், எப்படி அடைப்பது என்ற கேள்விக்கு நம்மிடையே ஒழுங்கான பதில் இல்லை. அறுவடை நெருங்கும் இந்த நேரத்தில் ஆலை உரிமையாளர்களும் தொழில் திணைக்களமும் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே ‘எங்கட பொய்லரில சேப்டி வால்வு இருக்குத்தானே’ என்று சொல்லிவிடுகிறார்கள். இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது செய்யும் வேலை வேறு. கொதிகலனுக்குள் அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் மிஞ்சியதை வெளியே விடுவதற்கு மட்டுமே அது இருக்கிறது. குளத்துக்கு மிஞ்சிய நீர் வழியும் வான் எப்படியோ கொதிகலனுக்குப் பாதுகாப்பு வால்வு அப்படி. நீர் மட்டம் ஏறினால் வான் பாய்ந்து அணைக்கட்டைக் காப்பாற்றும். வாய்க்கால் உடைத்துக்கொண்டால் வானால் ஒரு பயனும் இல்லை, யாராவது ஓடிப்போய் நீர் திறந்துவிடும் மதகான துருசைப் பூட்ட வேண்டும். நீராவிக் குழாய் உடையும்போது கொதிகலனில் அழுத்தம் ஏறுவதில்லை, இறங்குகிறது. பாதுகாப்பு வால்வு பேசாமல் மூடியே இருக்கும். துருசைப் பூட்டப் போக வேண்டியவரோ நீராவிக்குள்ளால்தான் போக வேண்டும்.

எவ்வளவு நீராவி என்று கணக்குப் பார்த்தால் விடயத்தின் கனம் விளங்கும். சதுர அங்குலத்துக்கு 100 றாத்தல் அழுத்தத்தில், மணிக்கு ஒரு தொன் நீராவி தரும் கொதிகலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே தண்ணீர் 170 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதிலிருந்து புறப்படும் இரண்டு அங்குலக் குழாய் கொதிகலனுக்குப் பக்கத்திலேயே முழுதாக முறிந்தால், அந்த வாயினூடாகத் தொடக்கத்தில் மணிக்கு எட்டுத் தொன் என்ற வேகத்தில் நீராவி பாயும் என்று பழைய பொறியியற் சூத்திரம் சொல்கிறது. உராய்வுக்கு ஒரு பங்கைக் கழித்தாலும் கொதிகலனின் வழக்கமான உற்பத்தியைப் போல அது பல மடங்கு. அழுத்தம் இறங்க இறங்க, உள்ளே இருக்கும் சூடான தண்ணீர் நெருப்பின் உதவி இல்லாமலேயே கொதித்து மேலும் மேலும் ஆவியாகும். இரண்டு தொன் தண்ணீர் இருந்தால் அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இப்படி ஆவியாகிவிடும். அது 400 கன மீற்றருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். பத்து மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் நாலு மீற்றர் உயரமும் கொண்ட கொதிகலன் கொட்டில் ஒன்று அதற்குப் போதாது. இவ்வளவும் சில நிமிடங்களுக்குள் நடந்து முடியும்.

கொதிநீர் பட்ட காயத்தையும் நீராவி பட்ட காயத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஒரு கிலோ நீராவி உடலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது மட்டும் விடும் வெப்பம், அதே நிறையுள்ள கொதிநீர் உடற் சூட்டுக்கு ஆறும்போது விடுவதைப் போல எட்டு மடங்குக்கு மேல். மூச்சோடு உள்ளே போனால் தொண்டைக்குக் கீழேயும் வேகும். உடைந்த வாய்க்குக் கிட்ட நீராவி கண்ணுக்குத் தெரியாது. சற்றுத் தள்ளி வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து துளியானதுதான். வெள்ளையைப் பார்த்து விலகி நடப்பவர் உண்மையான தாரைக்குள் கையை நீட்டிவிடக்கூடும்.

நமது ஆலைகளின் நிலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. போரின் பின்னர் மீளக் கட்டப்பட்ட ஆலைகள் பலவற்றில் கொதிகலன் ஒரு இடத்திலிருந்தும் குழாய்கள் இன்னொரு இடத்திலிருந்தும் வந்தவை. கிளிநொச்சி மாவட்டத்து ஆலையொன்றில் நான் பார்த்த குழாய் இணைப்பில் நாலு துளைகளுக்கு மூன்று போல்ட்டுகள்தான் இருந்தன. மூன்றில் ஒன்று உழவு இயந்திரத்திலிருந்து கழற்றியது. பிரதான வால்வின் கைச்சக்கரம் எப்போதோ உடைந்துபோய், அதன் தண்டைத் திருப்புவதற்கென்று ஒரு குழாய்ச் சாவி கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வால்வு இருந்ததோ கொதிகலனின் முதுகில், ஏணி வைத்து ஏறும் உயரத்தில். ஏணி அன்று நெல்லுக் களஞ்சியத்தில் நின்றது. உரிமையாளர் கெட்டவர் அல்லர். வேலையாட்களுக்குச் சம்பளம் தவறாமல் கொடுப்பவர் என்று அவர்களே சொன்னார்கள். குழாய் உடையும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போல்ட்டுக்கு என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி அமெரிக்கக் கடற்படையின் ‘இவோ ஜிமா’ என்ற கப்பலில், பஹ்ரைனில் திருத்த வேலை முடித்துப் புறப்பட்ட சிறிது நேரத்தில், நீராவி வால்வொன்றின் மூடி பிய்த்துக்கொண்டு பத்துப் பேர் இறந்தார்கள். அந்த மூடியை இறுக்கியிருந்த நட்டுகள் கறுப்பு நிறத்தில் உருக்கு நட்டுகளைப் போலவே இருந்தன, ஆனால் பித்தளை. சூடேறியதும் தாங்கவில்லை. குழாயின் வெளித்தோற்றத்தையும் அப்படித்தான் நம்ப முடியாது. யப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் 2004 ஓகஸ்ட் 9 ஆம் திகதி சூடான தண்ணீர் ஓடிய குழாய் வெடித்து, சீறிய ஆவியில் ஐந்து பேர் இறந்தார்கள். 10 மில்லிமீற்றர் தடிப்பாகப் பொருத்தப்பட்ட குழாய், உடைந்த இடத்தில் உட்புறமாகத் தேய்ந்து ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைந்திருந்தது. 1976 இல் நிலையத்தின் அந்த மூன்றாம் அலகு இயங்கத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒருவரும் அளந்து பார்த்திருக்கவில்லை. வெளியே கறள் இல்லாமல் வண்ணம் பூசியிருக்கும் நமது குழாய்களின் வளைவுகள் உள்ளே என்ன தடிப்பில் இருக்கின்றன என்பதை யார் அளந்தார்கள்?

குழாய் உடைந்தவுடன் மனிதக் கை படாமலேயே பூட்டிக்கொள்ளும் வால்வு புதிய கண்டுபிடிப்பு அன்று. நீராவிக் கப்பல்களிலும், பல கொதிகலன்களை ஒரே குழாயில் இணைத்த ஆலைகளிலும் நூறு வருடங்களுக்கு மேலாக இது பாவனையில் இருந்து வந்திருக்கிறது. சமையல் எரிவாயுவை ஏற்றும் பவுசர்களில் குழாய் அறுந்தால் எரிவாயுவை நிறுத்துவதும் இதே தத்துவத்தில் இயங்கும் வால்வுதான். கொதிநீர் அணு உலைகளின் நீராவிக் குழாய்களில் உள்ள பெரிய வால்வுகள் மூன்று முதல் ஐந்து வினாடிகளுக்குள் மூட வேண்டியவை. அவை காற்றழுத்தத்தோடும் மின்கட்டளையோடும் இணைந்து இயங்குபவை. நெல் ஆலைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

நமக்குப் பொருத்தமான எளிய வகையில் வால்வின் உடலுக்குள் ஒரு தட்டு, அதை இருக்கையிலிருந்து (தட்டு போய் அடைக்கும் வாயின் விளிம்பிலிருந்து) விலக்கித் திறந்தபடி வைத்திருக்கும் ஒரு சுருள்வில் அல்லது பாரம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு, இவ்வளவுதான் இருக்கும். வழக்கமான ஓட்டத்தில் நீராவி தட்டைச் சுற்றிக்கொண்டு போகும். தட்டை இழுக்கும் விசை சுருள்வில்லின் விசையிலும் குறைவாக இருக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழுவிசை நாலு மடங்காகும் என்பதே இதன் அடிப்படை. மேலே சொன்ன கணக்கை மீண்டும் பாருங்கள்: ஆலை முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு ஒரு தொன், குழாய் முறிந்தால் அதைப் போலப் பல மடங்கு. இரண்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால், வழக்கமான ஓட்டத்தைப் போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்கில் மூடும்படி சுருள்வில்லை அமைத்தால் வால்வுக்குக் குழப்பமே வராது. தட்டு ஒருமுறை இருக்கையில் போய் அடித்துவிட்டால் கொதிகலனின் அழுத்தமே அதை அமத்திப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை, மின்வெட்டு நேரத்திலும் வேலை செய்யும். இதைக் கொதிகலனின் பிரதான வால்வை ஒட்டி, முதலாவது வளைவுக்கு முன்னரே பொருத்த வேண்டும். தூரத்தில் சுவரோரம் பொருத்தினால், அதற்கு முன்னுள்ள குழாய் உடையும்போது அது வெறும் இரும்புத் துண்டு.

இதற்கு எதிராக நான் கேட்ட வலுவான வாதம், வால்வு தேவையில்லாத நேரத்தில் மூடி வேலையைக் கெடுக்கும் என்பது. அது நடக்கும்; பெரும்பாலும் காலையில் நடக்கும். குளிர்ந்துபோயிருக்கும் குழாய்க்குள் பிரதான வால்வை ஒரே திருப்பில் திறந்துவிட்டால், நீராவி குளிர்ந்த இரும்பில் பட்டு உடனுக்குடன் தண்ணீராகிவிட, அந்த வெற்றிடத்தை நிரப்ப மேலும் நீராவி பாய்ந்து வரும். வால்வு அதைக் குழாய் உடைந்ததாகவே எண்ணி மூடும். ஆனால் அப்படித் திறப்பதே பிழை. குழாயில் தேங்கிய தண்ணீரை நீராவி ஒரு கட்டியாகத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதுவதைத்தான், ஆலைக்காரர்கள் ‘பைப் அடிக்குது’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். குழாய்கள் உடைவதற்கு முக்கியமான காரணங்களில் அந்த அடி ஒன்று. ஆகவே அவசரமாகத் திறக்கும்போது மூடிக்கொள்ளும் வால்வு, வேலையைக் கெடுக்கவில்லை; வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, பிரதான வால்வைக் கால் திருப்பாகத் திறந்து, குழாய் சூடேறும்வரை பொறுத்திருக்கும்படி சொல்கிறது. மூடிய பின் இரு பக்க அழுத்தத்தையும் சமப்படுத்த ஒரு சிறிய பக்கக் குழாய் வைத்தால் திரும்பத் திறப்பது சிரமமில்லை.

வேறு குறைகள் உண்டு. சிறிய கசிவை இந்த வால்வு அறியாது. இணைப்பு வளையம் பிய்ந்து பக்கவாட்டில் சீறும் நீராவி ஒருவரைச் சுடப் போதுமானதாக இருந்தாலும், வால்வை மூடச் செய்யப் போதாமல் போகலாம். கடைசியில் இருக்கும் மெல்லிய கிளைக் குழாய் உடைந்தாலும் அப்படியே. வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும் தட்டு, கொதிகலன் தண்ணீரின் உப்புப் படிந்து இறுகிவிடும். வன்னியின் கிணற்று நீரில் கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியே நீட்டும் தண்டு இதற்காகவே இருக்கிறது: மாதம் ஒரு தடவையாவது அதை அசைத்துத் தட்டு போய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தண்டு இல்லாத மலிவு வகையை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, மிக முக்கியமானது. உமி அடுப்பை எண்ணெய் அடுப்பைப் போல ஆளியைத் தட்டி அணைக்க முடியாது. தானியங்கி வால்வு மூடிய பின்னரும் அடுப்பில் உள்ள உமி எரிந்துகொண்டே இருக்கும். நீராவிக்குப் போக வழி இல்லாததால் அழுத்தம் ஏறும். அப்போது காப்பாற்ற வேண்டியது பழைய பாதுகாப்பு வால்வுதான். அது இறுகிப்போயிருந்தால், அல்லது ‘சும்மா ஊதுது’ என்று அதன் நெம்பில் யாரேனும் கல்லைக் கட்டியிருந்தால், குழாய் விபத்தைத் தடுக்கப் போய்க் கொதிகலன் விபத்தை வரவழைத்ததாகிவிடும். பாதுகாப்பு வால்வைச் சோதிக்காமல் தானியங்கி வால்வைப் பொருத்தவே கூடாது.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலனுக்குப் பாதுகாப்பு வால்வு, நீராவியை நிறுத்தும் வால்வு, அழுத்தமானி, நீர்மட்டக் கண்ணாடி ஆகியவற்றைக் கேட்கிறது. நிறுத்தும் வால்வைக் கையால் பூட்டினாலே சட்டத்துக்குப் போதும். ஆபத்து வேளையில் அந்தக் கை எங்கே இருக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சட்டத்தைத் திருத்தக் காலம் எடுக்கும். ஆனால் புதிய கொதிகலனுக்கோ ஆலைத் திருத்தத்துக்கோ கடன் கொடுக்கும் வங்கிகள், காப்புறுதிப் பத்திரம் கேட்பதைப் போலவே இந்த வால்வையும் நிபந்தனையாக்கலாம். அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. விபத்துக்குப் பின்னர் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழக்காடுவதிலும் இது எல்லோருக்கும் மலிவு.

சுருள்வில்லின் அளவை யார் அமைப்பது என்ற கேள்வி நியாயமானது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரோடு நின்றுபோன பின், அழுத்தக் குழாய் வேலை தெரிந்தவர்கள் வன்னியில் அருகிவிட்டார்கள். ஆனால் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆலைகளின் வால்வுகளைச் சோதித்து அளவை அமைத்துக் கொடுப்பதும், வளைவுகளின் தடிப்பை ஒலி அலைக் கருவியால் அளப்பதும் மாணவர்களுக்குப் பயிற்சியாகவும் ஆலைகளுக்குச் சேவையாகவும் அமையும். தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் முன்னின்று இதை ஒழுங்கு செய்தால் உரிமையாளர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தானியங்கி வால்வு வரும்வரை, பிரதான வால்வின் கைச்சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலிச் சக்கரம் ஒன்றைப் பொருத்தி, சங்கிலியைக் கொட்டிலின் வெளிச்சுவருக்குக் கொண்டுவந்துவிடலாம். நல்ல வெல்டிங்காரர் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. இழுத்தால் எந்தப் பக்கம் பூட்டும் என்பதைச் சுவரில் வண்ணத்தால் எழுதிவிட வேண்டும்.

வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ இத்தகைய வால்வை ஏற்கெனவே பொருத்தியிருக்கும் ஆலைக்காரர்கள், என்ன அளவுக் குழாயில், எந்த அழுத்தத்துக்கு, எத்தனை மடங்கு ஓட்டத்தில் மூடும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதை இப்பகுதிக்கு எழுதினால், புதிதாகப் பொருத்த இருப்பவர்கள் தொடக்கத்திலிருந்து தட்டித் தடவ வேண்டியிராது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயந்திரத் தொழினுட்பவியலாளர்,
கிளிநொச்சி.