லிலோங்வே குழந்தைகள் இல்லத்துக்குக் கை கொடுத்த அனைவருக்கும்

அன்பு உறவுகளே, நண்பர்களே,

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தலைநகர் லிலோங்வேயில், பிறந்ததும் தாயைப் பறிகொடுத்த பச்சிளம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறோம். தனித்தனியாகப் போன் செய்து நன்றி சொன்னால் யாராவது ஒருவர் விட்டுப்போவார். அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி பால்மாவுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு. 2023 நவம்பரில் மலாவி ரிசர்வ் வங்கி தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்குச் சுமார் 1,180 குவாச்சா என்றிருந்தது ஒரேயடியாக 1,700 ஆனது. பால்மாவு டின் வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு. விலை எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 3 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 450 மில்லி பால் வேண்டும். அந்தக் கணக்கில் 400 கிராம் டின் ஒரு வாரம்கூட வராது. ஒரு டின்னை இரண்டு வாரத்துக்கு இழுக்கலாம் என்று தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிற வீடுகளிலிருந்துதான் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வந்து சேர்கின்றன. அப்படி ஒரு நாளும் இல்லத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டது உங்கள் பணம்.

பாலாடைகளை அனுப்பிவைத்த மதுரைச் சகோதரிக்கும், வீடியோ அழைப்பில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள் நல மருத்துவருக்கும் அடுத்த நன்றி. குறைமாதக் குழந்தைக்குப் பால் புட்டியை உறிஞ்சத் தெம்பு இருக்காது. ரப்பர் காம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் பெரும்பாடு. எவர்சில்வர் பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. அங்கே சின்னக் கோப்பையில் புகட்டும் வழக்கம் முன்பே உண்டு. பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்து, குழந்தை விழுங்குகிற வேகத்துக்குச் சாய்த்ததும் சிந்துகிற பால் பாதியாகக் குறைந்தது. இப்போது இரவுப் பணிக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

இனி அமாயிகள். மலாவியில் பெண்களை மரியாதையோடு ‘அமாயி’ என்றுதான் கூப்பிடுவார்கள்; அம்மா என்பது போல. இல்லத்தைத் தாங்கி நிற்பவர்கள் இவர்களே. நம்மில் பலருக்கும் தெரியாத ஒரு வேலையைச் சொல்கிறேன். அங்கே புட்சி என்று ஓர் ஈ உண்டு. ஈரம் போகாத துணியில் முட்டையிடும். அந்தத் துணி உடம்பில் பட்டால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாக வீங்கும். பெரியவர்களே துடித்துப்போவார்கள், பிஞ்சு உடம்பு என்ன ஆகும்? அதனால் குழந்தைகளின் ஒவ்வொரு துணியையும், ஒவ்வொரு இடுப்புத் துணியையும், இரண்டு பக்கமும் சூடு ஏற அயர்ன் செய்தே ஆகவேண்டும். மழை மாதங்களில் கொடியில் துணி காயாது. கரண்ட்டும் அடிக்கடி போகும். அப்போது கரிப்பெட்டிதான். விறுவிறுவென்று கனன்ற கரியைப் பெட்டியில் போட்டு, முதுகில் ஒரு குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு, மலைபோலக் குவிந்த துணியை ஓர் அமாயி தேய்த்து முடிப்பார். ஓரத் தையலில்தான் ஈரம் ஒளிந்திருக்கும் என்று அதை விரலால் நீவி நீவித் தேய்ப்பார். நாங்கள் இருந்தவரை எந்தக் குழந்தைக்கும் அந்தக் கட்டி வரவில்லை. பெட்டிகளுக்கும், கரிக்கும், கூடுதலாக ஓர் அமாயியின் சம்பளத்துக்கும் கொடுத்த கோவை நண்பர்களே, நீங்கள் காத்தது இதைத்தான்.

இந்தக் குழந்தைகளுக்கு யாருமே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பிரசவத்தில் உதிரப்போக்கிலோ கிருமித் தொற்றிலோ தாய் போய்விடுவாள். அப்பா இருப்பார், பாட்டி இருப்பார், தாய்ப்பால்தான் இருக்காது. எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் மருந்து என்ற திட்டத்தை 2011இல் உலகுக்கே முன்னோடியாகத் தொடங்கிய நாடு மலாவி. அதனால் பிழைத்த தாய்மார்கள் ஏராளம். பேறுகாலச் சாவு மட்டும் இன்னும் ஓயவில்லை. ஆக, பால் தேவைப்படுகிற காலத்தைக் கடத்திவிட்டுக் குழந்தையைச் சொந்தத்தின் கையில் சேர்ப்பதுதான் இல்லத்தின் வேலை. என் மனசு அதிகம் நிறைந்ததும் அங்கேதான்.

மத்திய மலாவியில் செவா இனத்தார் தாய்வழிச் சமூகம். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். முடிவு சொல்கிற உரிமை தாய்மாமனுக்கு. டோவா பக்கத்துக் கிராமத்துக்கு ஓர் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுபோனபோது பாட்டி வாசலிலேயே காத்திருந்தார். ஆனாலும் மாமன் வயலிலிருந்து வந்து, பாயில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் மடியில் வாங்கி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வீட்டில் பேச்சு கலகலத்தது. நம் ஊர் மாமன்களைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குண்டும் குழியுமான அந்த மண்சாலையில் வண்டி ஓட்டிய அண்ணனுக்கும், வீடு வீடாக விசாரித்து உறவைக் கண்டுபிடித்த சமூக நல அலுவலருக்கும் என் கைகூப்பு.

குழந்தைகளின் போட்டோ கேட்டவர்களுக்கு அனுப்ப மறுத்தோம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு வாரம் வந்து குழந்தைகளைக் கொஞ்சிவிட்டுப் போக விரும்பிய தம்பி தங்கைகளையும் வர வேண்டாம் என்றோம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் குடும்பச் சூழலில்தான் வளர வேண்டும் என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. வந்து வந்து மறைகிற முகங்கள் அந்தப் பிஞ்சுகளுக்கு நல்லதல்ல என்பது என் உறுதியான எண்ணமும்கூட. அதைப் புரிந்துகொண்டு விமான டிக்கெட் பணத்தையே அனுப்பிவைத்தீர்களே, அந்த மனசு பெரிசு. அந்தப் பணம்தான் பாட்டிமார்களின் பஸ் செலவானது. மாதாமாதம் வந்து பேரப்பிள்ளையைத் தூக்கிப் பழகிப் போனார்கள்.

வீடு திரும்பிய குழந்தைகளுக்கு ஒரு வயது முடியும்வரை பால்மாவும், அதன்பின் சோளமும் சோயாவும் சேர்ந்த கஞ்சி மாவும் மாதந்தோறும் போய்ச் சேரும். மீதமுள்ள தொகை முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கு கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தனியே வந்து சேரும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
இல்லத்தில் உடன் பணி செய்த எல்லோருக்காகவும்