புரிந்துகொள்ளவும் நேரம் ஒதுக்குங்கள்: மென்பொருள் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் நிறுவனங்களில் பொறியாளர் குழுக்களை நடத்தும் மேலாளர்களுக்கும் தொழில்நுட்பத் தலைவர்களுக்கும் வணக்கம்.

தொண்ணூறுகளிலிருந்து நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். ஏஐ கருவிகளைத் திட்டி எழுதிய இன்னொரு கடிதம் என்று நினைத்து இதை மூடிவிட வேண்டாம். தினமும் அவற்றோடுதான் வேலை செய்கிறேன். யாரோ எப்போதோ பெர்ல் மொழியில் எழுதிவிட்டுப் போன அறிக்கை நிரலைப் பைத்தான் மொழிக்கு மாற்றுவது, பழக்கமில்லாத ஒரு லைப்ரரியில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பில்) எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்று தேடுவது, தரவுத்தளத்திடம் கேட்கும் நீளமான எஸ்க்யூஎல் வினவல் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது, இதற்கெல்லாம் முன்பு அரை நாள் போகும். இப்போது சில நிமிடங்களில் முடிகிறது. அந்த நேரம் மிச்சமாவதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். அந்த மிச்சத்தை நீங்கள் கணக்குப் போடும் விதம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பல குழுக்களில் இப்போது ஒரே மாதிரியான கேள்விகள். இந்த வாரம் எத்தனை புல் ரிக்வெஸ்ட் (எழுதிய மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை)? நிரலில் எத்தனை சதவீதம் ஏஐ எழுதியது? கருவிதான் வாங்கியாயிற்றே, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிடலாமா? எங்கள் தொழிலில் செலவு பிடிப்பது நிரல் எழுதுவதுதான் என்ற எண்ணம் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. 1957இல் ஐபிஎம் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியை வெளியிட்டதுமே எழுதும் வேலை பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாட்டில், மென்பொருள் திட்டங்கள் ஏன் இப்படித் தாமதமாகின்றன, ஏன் இப்படிப் பிழையோடு வருகின்றன என்றுதான் நிபுணர்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. எழுதுவது சுலபமானபோதெல்லாம் நாங்கள் இன்னும் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தோம். கட்டியதைப் புரிந்துகொள்ளும் பாரம் கூடிக்கொண்டே போனது.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பணம் செலுத்தும் சேவையைக் கூப்பிடும் ஒரு நிரல். பதில் வராவிட்டால் மூன்று முறை வரை மறுபடி முயற்சி செய்ய வேண்டும் என்று ஒரு இளம் பொறியாளர் ஏஐயிடம் கேட்டிருந்தார். வந்த நிரல் பார்க்க லட்சணமாக இருந்தது. மாறிகளுக்கு நல்ல பெயர்கள், முயற்சிகளுக்கு நடுவே இரட்டிப்பாகிக்கொண்டே போகும் காத்திருப்பு, நடந்ததை ஒழுங்காகப் பதிவு செய்யும் லாக், கூடவே நிரலைச் சோதிக்கும் ஒரு கட்டு டெஸ்டுகள், அத்தனையும் பச்சை, அதாவது பாஸ். ரிவ்யூவுக்கு, அதாவது சேர்க்கும் முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பதற்கு, என்னிடம் வந்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: டைம்அவுட் ஆனால், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், பணத்துக்கு என்ன ஆகியிருக்கும்? பணம் போகவில்லை என்று நிரல் எடுத்துக்கொண்டிருந்தது. நடப்பில், பணம் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்போது மறுமுயற்சி என்றால் வாடிக்கையாளரிடம் இரண்டாவது தடவை பணம் எடுப்பது.

இதற்குத் தீர்வு எல்லோருக்கும் தெரிந்த பழைய வழிதான். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி அடையாள எண்ணை முதலிலேயே உருவாக்கி, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். அந்தச் சேவை அதற்கு இடம் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்ளும். சின்ன மாற்றம், சீக்கிரம் முடிந்துவிட்டது. சரி, அத்தனை டெஸ்டுகள் இருந்தும் ஏன் எதுவும் பிடிக்கவில்லை? ஏனென்றால் டெஸ்டுகளையும் அதே கருவிதான் எழுதியது. அவற்றில் வரும் போலி சர்வர், டைம்அவுட் ஆனால் பணத்தை எடுக்காத சர்வர். நிரலில் இருந்த தப்பான அனுமானமே டெஸ்டிலும் உட்கார்ந்திருந்தது. அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று தலையாட்டிக்கொண்டன.

அந்தப் பொறியாளர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவரே வரிவரியாக எழுதியிருந்தால், காத்திருப்புக்கான வரிக்கு வரும்போது "பதில் வராமலே போனால்?" என்று கொஞ்சம் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. எழுதும்போது வரும் அந்தத் தயக்கத்தில்தான் எங்கள் வேலையில் பாதி நடக்கிறது. கருவி அந்தத் தயக்கத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விடுகிறது. அதை வேறு எங்காவது திரும்பச் செலவழித்தே ஆக வேண்டும், அந்த இடம்தான் ரிவ்யூ. நீங்கள் நேரமே ஒதுக்காத இடமும் அதுதான்.

அனுமானம் தெரியாமல் நிரலை எடுத்துவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பே பெரிய விலை கொடுத்திருக்கிறோம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 வினாடிகளுக்குள் சிதறியது. காரணமான நிரல் ஏரியான் 4இலிருந்து எடுத்தது, அங்கே சரியாக ஓடியது. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், புதிய ராக்கெட்டின் பாதைக்கு வந்த மதிப்பு அந்த 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது என்ற நம்பிக்கை நிரலோடு கூடவே வந்துவிட்டது, யாரும் அதைத் திறந்து கேட்கவில்லை. இன்று ஏஐ தரும் ஒவ்வொரு துண்டு நிரலும் அப்படி எங்கிருந்தோ வந்த நம்பிக்கைகளோடுதான் வருகிறது.

"எங்கள் பொறியாளர்களே வேகம் கூடியிருக்கிறது என்கிறார்களே" என்பீர்கள். 2025இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். அனுபவமுள்ள 16 திறமூல (ஓப்பன் சோர்ஸ்) நிரலாளர்கள், தங்களுக்கு நன்கு பழகிய திட்டங்களில், 246 வேலைகள். ஏஐ கருவியை அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. தொடங்கும் முன் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். முடிந்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். 16 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். கருவிகளும் அதற்கப்புறம் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. ஆகவே 19ஐப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வரமாட்டேன். வேலையைத் தன் கையால் செய்தவருக்கே தன் வேகம் தெரியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அப்படியிருக்க, பொறியாளர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்து அதை வைத்து ஆள் குறைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

மூத்தவர்கள் மேசையில் இப்போது ஆயிரம் வரி ரிவ்யூக்கள் குவிகின்றன. அவற்றைப் படித்து முடிக்க நேரம் இல்லாதவர் கடைசியில் எல்ஜிடிஎம் ("எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது") என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார். கருவி கற்பனையாகச் சொன்ன, உலகத்திலேயே இல்லாத ஒரு லைப்ரரியின் பெயர் அந்த வரிகளுக்கு நடுவே இருக்கலாம். அந்தப் பெயரில் நச்சு நிரலைப் பதிவேற்ற யாராவது முந்திக்கொள்ளலாம்.

புதியவர்களை எடுப்பதை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் எனக்கு வலிப்பது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் ஒளித்துவைத்திருந்த பின்கதவை, அதாவது திருட்டு வழியை, கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தொலைவிலுள்ள கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகப் பிடித்தது அவருக்கு உறுத்தியது, தோண்டிப் பார்த்தார். அரை வினாடி உறுத்த வேண்டுமானால் வழக்கமாக எவ்வளவு ஆகும் என்பது ஒருவருக்குள் ஊறியிருக்க வேண்டும். அந்த ஊறல் சின்னச் சின்னப் பிழைகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் வாய்க்கும். அந்தச் சின்ன வேலைகளையெல்லாம் கருவியிடம் கொடுத்துவிட்டு, புதியவர்களுக்குக் கதவையும் சாத்திவிட்டால், பத்து வருடம் கழித்து யாருக்கு உறுத்தும்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். புல் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையையும் ஏஐ சதவீதத்தையும் அப்ரைசலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு போடும்போது, எழுதும் நேரத்துக்குப் பக்கத்திலேயே படிக்கும் நேரத்தையும் தனியாக எழுதுங்கள். இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால் பதறாதீர்கள். நிரலை அனுப்புபவர், அது எதை நம்பி ஓடுகிறது, அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்று தன் சொந்த வார்த்தைகளில் நான்கு வரி எழுதட்டும். அதைக் கருவியிடம் எழுதி வாங்கக் கூடாது. புதியவர்களை எடுங்கள், அவர்களுக்கும் கருவியைக் கொடுங்கள். ஆனால் பிழையைத் தாங்களே துரத்திப் பிடிக்கும் வேலைகளும் அவர்கள் பங்குக்கு வரட்டும், பக்கத்தில் ஒரு மூத்தவர் இருக்கட்டும்.

அடுத்த காலாண்டுத் திட்டக் கூட்டத்துக்கு முன்னால், நள்ளிரவில் ப்ரொடக்ஷன், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் அமைப்பு, விழுந்தால் நீங்கள் யாரை எழுப்புவீர்களோ அவர்களைக் கூப்பிடுங்கள். போன காலாண்டில் சேர்ந்த நிரலில் எந்தெந்தப் பகுதியில் கைவைக்கப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். பட்டியல் தருவார்கள். அந்தப் பகுதிகளை உட்கார்ந்து படித்து முடிக்கும் வேலையையும் திட்டத்தில் சேருங்கள், தேதியோடும் ஆள் பெயரோடும்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் ஒன்றில் இன்னும் நிரல் எழுதிக்கொண்டிருப்பவன்