பவளக்கால்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஏழு வாரமாகிவிட்டது. இனி வெளியே போய்வரலாம் என்று டாக்டர் சொன்னதுமே எங்கே போனேன் தெரியுமா? சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு. அப்பாவுக்கு முட்டிவலி, வரவில்லை. நான் மட்டும் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பஸ் எடுத்தேன். உன் அலமாரியில் கிடந்த பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு போனேன், கோபிக்காதே.

பழைய இறால் குளத்து ஓரத்தில், பறவைகளை மறைந்திருந்து பார்ப்பதற்கு மரக்குடில் கட்டியிருக்கிறார்களே, அங்கேதான் உட்கார்ந்தேன். எதிரே சேற்றில் ஐம்பது அறுபது பறவைகள், பாதி ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தன. போன வருடமும் இதே இடத்தில் பார்த்தவள்தான். அப்போது எனக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பக்கத்தில் இருப்பவர்கள் 'ரெட்ஷாங்க்' என்று காட்டுவார்கள், நானும் தலையாட்டுவேன். தமிழில் அதற்குப் பவளக்கால் உள்ளான் என்று பெயர். நேற்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன் தம்பி, அந்தக் கால்கள் சிவப்பாகத் தெரிந்தன! குங்குமத்தில் கொஞ்சம் மஞ்சள் குழைத்தது போல ஒரு சிவப்பு. இவ்வளவு நாளும் அந்தப் பெயரை எப்படிச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இதற்குக் கடல் ஏறும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது அவை வெளியே ஜோகூர் நீரிணைச் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும்தான் குளத்துக்குள் வந்து ஓய்வெடுக்கும். குளத்து நீர்மட்டம் ஏறாமல் இருக்க இறால் பண்ணைக்காரர்கள் விட்டுப்போன மதகுகளையே இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1986-இல் பறவை பார்க்கப் போன சிலர் கண்ணில் இந்த இடம் படாமல் போயிருந்தால் இங்கே என்ன வந்திருக்குமோ! 1993-இல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002-இல் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. சைபீரியாவிலிருந்து உங்கள் ஆஸ்திரேலியா வரை போகும் பறவைகளுக்கு நடுவில் இறங்கித் தின்ன இப்படிச் சேறு வேண்டுமே. நம் சிங்கப்பூரில் அது இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அலையாத்தி மரங்களுக்கு அடியில் மண்மேடுகள் இருக்கின்றன. முதலில் பார்த்தபோது பாம்புப் புற்று என்றே நினைத்தேன். உன் பாட்டி இருந்திருந்தால் பால் ஊற்றியிருப்பார். அது சேற்று இறால் கட்டியதாம். மண்ணுக்கு அடியில் வளை தோண்டித் தோண்டி சேற்றை மேலே தள்ளிவிடும். வெளியே தலைகாட்டுவது அபூர்வம். அந்த மேட்டில் எறும்பு, நண்டு, சில சமயம் பாம்புகூடக் குடியிருக்குமாம். அப்படியென்றால் பாட்டி ஊற்றும் பாலிலும் தப்பில்லை.

பாலத்தடியில் முதலையும் கிடந்தது. வாயைத் திறந்தபடி அசையாமல். உடல் சூட்டைத் தணிக்கத்தான் அப்படிக் கிடக்குமாம்.

திரும்பும்போது நடைபாதைக்குக் குறுக்கே ஓர் உடும்பு. என்னைவிட நீளம் இருக்கும். நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்துகொண்டு அதன் பாட்டுக்குப் போனது. உனக்கு எட்டு வயதில், பள்ளி விடுமுறையில் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? அன்றும் இப்படித்தான் ஒன்று எதிரே வந்தது. நீ என் கையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாய். "அது எங்கம்மா போகுது?" என்று கேட்டாய். பயத்தோடு கேட்டாய் என்று நினைத்து உன்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். உண்மையில் பயந்தது நான்தான். நேற்று அதே இடத்தில் எட்டி நின்று, அது சேற்றில் இறங்கி நீரில் நீந்திப் போகும்வரை பார்த்தேன். நாம் வம்புக்குப் போகாதவரை அது நம்மைச் சீண்டுவதில்லை. அன்றைக்கு உன்னை நிற்கவிட்டிருக்க வேண்டும், ஐயா. நீ கேட்டதற்குப் பதில் அங்கேயேதான் இருந்தது, பத்து நிமிடம் நின்றிருந்தால் போதும்.

ஜூனில் வருகிறேன் என்றாய். அப்போது பவளக்கால் இருக்காது. வசந்த காலத்தில் வடக்கே போய்விடும், செப்டம்பர் வாக்கில்தான் கூட்டம் சேரும். உடும்பு இருக்கும், முதலையும் இருக்கும். ஏப்ரலில் எனக்கு இடது கண்ணும் முடிந்துவிடும். உள்ளானுக்காக டிக்கெட்டை மாற்றாதே, ஜூனிலேயே வா. குரங்குகள் பிடுங்கும், பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். பைனாகுலரைத் துடைத்து உன் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா