ஆண்டறிக்கை: செயலாளரின் பதிவு

தலைவருக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நமது புகைப்படக் கழகத்தின் மாதக் கூட்டங்கள் வழமைபோல நடைபெற்றன. கூட்டக் குறிப்பேடு எவரும் பார்க்கக்கூடியதாக உள்ளதால் அதை இங்கே திருப்பி எழுதவில்லை. இவ்வாண்டு சிறு நீர்வீழ்ச்சிகளைப் படமெடுக்கும் பயிற்சியே முதன்மையாக இருந்தது. அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

யாழ். குடாநாட்டில் பயிற்சி

சுண்ணாம்புக்கல் தரை மழைநீரை உறிஞ்சிவிடும். மலையுமில்லை, அருவியுமில்லை. மாரியில் வழுக்கையாறு ஓடும்போது மதகடிகளில் கொஞ்சம் கிடைக்கும். மற்றக் காலங்களில் கோண்டாவில், உரும்பிராய்த் தோட்டங்களில் இறைப்பு நடக்கும் நேரமே நமக்கு வகுப்பு. குழாய் வாயிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கும் விழும் தண்ணீரில் ஷட்டர் வேகத்தை, அதாவது கமரா ஒளிக்குத் திறந்திருக்கும் நேரத்தை, முழுமையாகப் பழகலாம். தோட்டக்காரரிடம் கேட்ட பின்பே இறங்க வேண்டும். வரம்பில் கமரா முக்காலியை ஊன்றினால் மண் இடிந்து தண்ணீர் வேறு பாத்திக்குப் போய்விடும். பிறகு அடுத்த தடவை நம்மை உள்ளே விடமாட்டார்கள்.

தடித்து வேகமாக விழும் நீருக்கு 1/8 முதல் 1/4 செக்கன் போதும், இழைகள் தெரியும். மெல்லிய கசிவுக்கு 1 செக்கன் வரை போகலாம். பல செக்கன்கள் திறந்து வைத்தால் எல்லா அருவியும் ஒரே பஞ்சுப் பொதிதான். பாறையில் நீர் எங்கே மோதித் திரும்புகிறது என்பது அழிந்துவிடும். கிட்டப் போனாலும், நீண்ட வில்லை பொருத்தினாலும் அதே நீர் படச் சட்டத்துக்குள் வேகமாகக் கடக்கும். அதற்கேற்ப நேரத்தைக் குறைக்க வேண்டும்.

நடுவெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப்/11 (வில்லைத் துளையின் அளவு) வைத்தால் சுமார் 1/200 செக்கன் வரும். ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. பில்ரரில் 6 ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் என்றால் ஒளி பாதியாகும்) போட்டால் அது ஏறத்தாழ 1/3 செக்கனாகும். காட்டு நிழலில் கணக்கு வேறு: அதே அமைப்பில் 1/4 செக்கன் தானாகவே கிடைக்கும், மினுக்கத்தை நீக்கும் பில்ரரான பொலரைசர் மேலும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்ரொப் ஒளியைக் குறைக்கும். ஆகவே புதிய அங்கத்தவர்கள் முதலில் வாங்க வேண்டியது பொலரைசர், என்.டி. பிறகு பார்க்கலாம். நேரத்தைக் கூட்டுவதற்காக எஃப்/22க்குப் போவது வீண். சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை குறையும். வில்லையில் ஒட்டிய துளிகளும் தூசியும் தெளிவாகப் பதியும்.

மலையகப் பயணம்

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் இறம்பொடைக்கு மேலே ஓரங்களில் இறங்கும் பெயரில்லாத ஓடைகளையே தெரிந்தெடுத்தோம். 263 மீற்றர் உயரமான பம்பரகந்தையைப் போன்ற பெரிய வீழ்ச்சிகள் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தாமே சொல்லிவிடும். ஆளுயர ஓடை அப்படியல்ல. இரண்டு அடி தள்ளி நின்றால் வேறு படம்.

இடத்துக்குப் போனவுடன் முக்காலியை விரிக்கக்கூடாது என்பது இம்முறை விதி. விரித்தால் அதன் உயரமே படத்தின் உயரமாகிவிடும். எல்லோரும் நெஞ்சளவில் எடுத்த ஒரே படத்தோடு திரும்புவார்கள். முதலில் கமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடையோரமாக நடக்க வேண்டும். குந்தியும் பார்க்க வேண்டும். கண் எங்கே தானாக நின்றதோ அங்கே ஒரு படம் கையாலேயே எடுத்து, கண்ணை நிறுத்தியது எது என்று கேட்க வேண்டும்: பாறையின் வளைவா, பாசியின் பச்சையா, நீர் பிரியும் இடமா? பதில் கிடைத்த பிறகே முக்காலி. பதிலில் வராதவை சட்டத்தில் இருந்தால் அவற்றை வெளியே தள்ள வேண்டும். சட்டத்தை மூன்றாகப் பிரித்து முக்கியமானதைக் கோட்டில் வைக்கும் மூன்றிலொரு பங்கு விதியை அங்கே நின்று எண்ணுவதால் பயனில்லை என்பது என் கருத்து. சட்டத்தின் நாலு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது அதைவிடப் பெறுமதியானது. மேல் ஓரத்தில் இலைகளுக்கிடையே தெரியும் வெள்ளை வானம் அருவியைவிடப் பலமாகக் கண்ணை இழுக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் பாரம் கூடியது என்பது உடனே விளங்கும்.

உள்ளுணர்வு இப்படி வேலை செய்வதற்குக் கை மற்றதையெல்லாம் யோசிக்காமல் செய்ய வேண்டும். பொலரைசரை முழுவதும் திருப்பி மினுக்கத்தை அடியோடு எடுத்தால் ஈரப்பாறை செத்த கறுப்பாகும். சற்றுப் பின்னே திருப்ப வேண்டும். குவியத்தைப் பிடித்தபின் கைமுறைக்கு மாற்ற வேண்டும். முக்காலியில் அதிர்வு தடுப்பியை நிறுத்தி, பொத்தானை அழுத்திய பின் படம் பதிய 2 செக்கன் தாமதம் வைக்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தக்கூடாது, ஓடும் நீரில் கால்களை அழுத்தி ஊன்றாவிட்டால் படம் நடுங்கும். நுரை வெளுத்துப் போயிற்றா என்று ஹிஸ்டோகிராமின் (கமரா காட்டும் ஒளியளவு வரைபடத்தின்) வலது ஓரத்தில் பார்த்து, தேவையானால் 2/3 ஸ்ரொப் குறைக்கலாம். அருவிக் காற்றில் பன்னம் ஆடினால், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி வேகமாக இன்னொரு படம் எடுத்து இலைகளை அதிலிருந்து சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன் வில்லைக் கண்ணாடியைத் துடைப்பதை மறந்தால், வீட்டுக்கு வந்தபின் மங்கல் வட்டங்களைத்தான் எண்ணலாம்.

வெயில் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். இலையூடாக விழும் வெயில் பொட்டுகளைப் பிறகு எந்த மென்பொருளும் சரிப்படுத்தாது. மப்பு மூடிய நாளும் மழை விட்ட அரைமணி நேரமும் நமக்கு நல்லவை. ஆனால் மேலே மழை பெய்து, தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பொருட்களைப் பார்க்காமல் உடனே கரையேற வேண்டும். இதில் விவாதம் வேண்டாம். அட்டைக்குக் காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசுவது உதவும்.

உபகரணங்கள்

கழகத்தின் பொலரைசர் 77 மி.மீ. ஆகும்; சிறிய வில்லைகளுக்கு இணைப்பு வளையங்கள் பெட்டியில் உண்டு. அகன்ற வில்லையில் இரண்டு பில்ரர்களை அடுக்கினால் மூலைகள் கறுக்கும். மலைக்குளிரிலிருந்து வந்த கமராவைப் பையைத் திறக்காமல் அரைமணி நேரமாவது விட்டு, பிறகு வெளியே எடுக்க வேண்டும். இங்கே கடற்காற்றின் ஈரம் காரணமாகப் பூஞ்சணம் பிடிக்கும்; பெட்டியின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்க வேண்டும். இரவல் வாங்குவோர் வளையங்களையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். புதிய நிர்வாகசபைக்கான பெயர்களை அதன்பின் முன்மொழியலாம்.

செயலாளர்