கிரைண்டரால் கேஸ்கெட்டைச் சுரண்டியதில் பழுதான எஞ்சின்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது நடந்த தவறும் அதற்கான இழப்பீடும்

ஐயா,

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சின்ன லோடு வண்டி என்னுடையது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததால் சென்ற மாதம் உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டேன். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார்கள். சரி, மாற்றுங்கள் என்றேன்.

அன்று பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். பழைய கேஸ்கெட் பிளாக்கோடு ஒட்டிப்போயிருந்தது. வேலை செய்த பையன் கையில் பிடிக்கும் கிரைண்டரில் எமரி டிஸ்க்கை (உப்புத்தாள் போலச் சுரண்டும் வட்டு) மாட்டி, பிளாக்கையும் அலுமினிய ஹெட்டையும் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். சிலிண்டர் வாயில் ஒரு துணிகூட அடைக்கவில்லை. ஆயில் ஓட்டைகளைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூள் படிந்து கிடந்தது. "தூள் உள்ளே போகாதா தம்பி?" என்று கேட்டேன். "ஏர் அடிச்சா போயிடும்ணே" என்றான். அவன் மூக்கில்கூட ஒரு மாஸ்க் இல்லை.

பதினெட்டாவது நாள் ஆயில் விளக்கு எரிந்தது, எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டது. சுமையோடு நடுவழியில் நின்றேன். திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் பிரித்துப் பார்த்தார்கள். எஞ்சினில் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங் முழுக்க மயிரிழை போலக் கோடுகள். நகத்தால் தடவினாலே நறநறவென்று தட்டுப்படுகிறது. ஹெட்டின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகினால் 0.15 மி.மீ. தகடு தாராளமாக நுழைகிறது. 0.05 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தாலே புது கேஸ்கெட் நிற்காது என்றார் பட்டறைக்காரர்.

எமரியிலிருந்து உதிர்வது மணலைவிடக் கடினமான துகள். ஃபில்டரைத் தாண்டிய ஆயில் வழியில் விழுந்தால் அது நேரே பேரிங்குக்குத்தான் போகும். பேரிங்கின் மெத்தென்ற பூச்சில் பதிந்து, சுற்றும் கிராங்க்கை அறுக்கும். இது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாததில்லை. கேஸ்கெட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் பொறுமையாக எடுத்திருந்தால் அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலியையும் சேர்த்துத்தான் பில்லில் வாங்கினீர்கள்.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் கையில் கிரைண்டரைக் கொடுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, "நீங்கள் ஓவர்லோடு ஏற்றியிருப்பீர்கள்" என்றார்கள். ஒவ்வொரு நடைக்கும் எடை மேடைச் சீட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சுதான் செலவைவிட அதிகமாக வலித்தது.

கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் பரப்பைச் சமப்படுத்துவது) ஆகியவற்றுக்கு ஆன முழுச் செலவையும், நான் முதலில் கட்டிய சர்வீஸ் தொகையையும் திருப்பித் தர வேண்டும். வண்டி ஓடாமல் நின்ற 11 நாட்களுக்கும் இழப்பீடு வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில்களின் நகலும் படங்களும் இணைத்துள்ளேன். பழைய பேரிங்கைத் துடைக்காமல் அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்