லாவோட்சு எங்கே சொன்னார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் தத்துவக் கட்டுரைக்கு நடுவே கட்டம் கட்டி ஒரு பொன்மொழி போட்டிருந்தீர்கள். மனச்சோர்வில் இருப்பவர் கடந்த காலத்திலும், பதற்றத்தில் இருப்பவர் எதிர்காலத்திலும், நிம்மதியாக இருப்பவர் நிகழ்காலத்திலும் வாழ்கிறாராம். கீழே பழைய சீன ஞானி லாவோட்சு பெயர். அவர் பெயரில் வழங்கும் நூலான தாவோ தே ஜிங்கில் இருப்பது 81 அத்தியாயம். ஒன்றில்கூட இது கிடையாது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சும்மா வருவதற்கு எதற்குச் சந்தா?

நான் ஒரு தனியார் ஆலையின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் மேலாளர் அறையில் இதே வாசகம் சட்டம் போட்டுத் தொங்கியது. நிலுவைச் சம்பளம் கேட்டுப் போனால் அதைக் காட்டி, "போனதை விடுங்க சார், இன்னைக்கு இருக்கிறதைப் பாருங்க" என்பார். பென்ஷன் பற்றிக் கேட்டால் அது எதிர்காலமாம், அதையும் நினைக்கக் கூடாதாம். நிகழ்காலத்தில் வாழ்வது முதலாளிக்கு எவ்வளவு சௌகரியம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

லாவோட்சு உண்மையில் சொன்னது வேறு. 64ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஒன்று தலைகாட்டும் முன்பே அதைக் கவனி, குழப்பம் வரும் முன்பே ஒழுங்கு செய் என்கிறார். கட்டியணைக்க முடியாத பெரிய மரமும் சிறு முளையிலிருந்துதான் வருகிறது. நாளை என்ன ஆகலாம் என்பது இன்றைக்கே முளையாக இருக்கிறது, அதைப் பார்க்கக் கண் வேண்டும் என்பதுதானே இது? நாளையை மறந்துவிட்டு உட்கார் என்று எங்கே இருக்கிறது? தாவோ வழியின் இன்னொரு சீன ஞானி ஜுவாங்சி சொல்லும் சமையல்காரர் 19 வருடம் ஒரே கத்தியால் மாடு அறுத்தவர். அவரும் சிக்கலான மூட்டு வந்தால் நிதானித்து, கண்ணை அங்கேயே வைத்து, கையை மெதுவாக்குகிறார். அது ஓய்வா?

மேலைநாட்டினருக்கு நிகழ்காலமே தெரியாது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்த்துவிட்டார். கிறித்தவ ஞானி அகஸ்டின் தம் 'ஒப்புதல்கள்' நூலின் 11ஆம் பகுதியில் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார். கடந்ததன் நிகழ்காலம் நினைவு, வருவதன் நிகழ்காலம் எதிர்பார்ப்பு என்று அவர் முடித்தது ஆசிரியரான உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அரிஸ்டாட்டிலையாவது விட்டு வைத்திருக்கலாம். ஒருவன் செய்துகொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு அதைச் செய்யும் திறன் உண்டு என்றார்கள் மெகாராக்காரர்கள் என்ற பழைய கிரேக்கத் தத்துவக் கூட்டத்தார். அப்படியானால் வீடு கட்டுகிறவன் வேலையை நிறுத்தியதும் தொழிலை மறந்துவிடுவானா, மறுபடி தொடங்கும்போது அது எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டார் அரிஸ்டாட்டில். எங்கள் மேலாளர் சுத்தமான மெகாராக்காரர். கணக்கு முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இவனுக்கு வேலை தெரியாது என்பார்.

முன்பும் ஒருமுறை எழுதினேன். தாவோ கட்டுரைக்குப் புத்தர் படம் போட்டிருந்தீர்களே, அப்போது. என் கடிதத்தில் "கட்டுரை அருமை" என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். அதற்குப் பின்னால் "ஆனால்" இருந்தது. உங்கள் இடநெருக்கடி புரிகிறது. பின்னட்டையில் நிலத்தரகர் விளம்பரம் மட்டும் எந்த நெருக்கடியிலும் குறைந்ததில்லை.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனிமேல் பொன்மொழி போட்டால் எந்த நூல், எந்த அத்தியாயம் என்றும் போடச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் வெளியிட முடியும் என்றால் வெளியிடவே வேண்டாம், திருத்தம் வந்தால் போதும். என் சந்தா மார்ச்சோடு முடிகிறது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
கும்பகோணம்